அம்மாச்சிக்கு 80: யார் எந்த வண்டியில்?

குழு: சுங்கை சிப்புட் தாத்தா வீடு

அம்மா: ஞாயிறு காலை 9 மணிக்கு ஹோமம். கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் சனி இரவுக்குள் பினாங்கு ஆயர் ஈத்தாம் வந்து சேர்ந்துவிட வேண்டும். யார் எந்த வண்டியில் என்று இன்றே சொல்லுங்கள். பாய், தலையணை எண்ண வேண்டும்.

முகிலன்: என் வண்டியில் ஏழு இருக்கை.

ராணி சித்தி: நான், முகிலன், அண்ணன், அண்ணி, தினேஷ், கவிதா, மாப்பிள்ளை. ஏழு பேர். கணக்கு முடிந்தது.

நான்: குழந்தை?

ராணி சித்தி: அவளுக்கு எதற்கு இருக்கை? ஒன்பது கிலோ. மடியில் வைத்துக்கொள்கிறேன். உன்னையும் கிள்ளானிலிருந்து அப்படித்தான் கொண்டுபோனோம்.

செல்வம் மாமா: அந்தப் பழைய டத்சுனில். பின்கதவைக் கயிற்றால் கட்டியிருக்கும்.

கமலா அத்தை: அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தவள் நான்.

அம்மா: பெரிய குத்துவிளக்கையும் கொண்டுவந்துவிடு ராணி.

செல்வம் மாமா: எந்த விளக்கு? தாத்தா காரியம் முடிந்த கையோடு "கொஞ்ச நாளைக்கு" என்று எடுத்துப்போன விளக்கா?

ராணி சித்தி: நீ ஈப்போவில் வைத்திருந்தால் இந்நேரம் எடைக்குப் போயிருக்கும்.

அம்மா: இப்போது வேண்டாம்.

பெரிய மாமா: விளக்குப் பேச்சு பிறகு. ராணி, முதலில் குழந்தை விஷயம். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள். விநாடிக்கு 13.9 மீட்டர். உள்ளே இருக்கும் எல்லோரும் அதே வேகத்தில்தான் போகிறோம், குழந்தையும்தான். நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். 9 பெருக்கல் 13.9, ஏறக்குறைய 125. வண்டி எதிலாவது மோதி நின்றால் அந்த 125 அப்படியே பூஜ்யமாக வேண்டும். முன்பக்கம் நசுங்கி வண்டி நிற்பதற்குச் சுமார் 0.1 விநாடி ஆகும். 125ஐ 0.1ஆல் வகுத்துப் பார். 1250 நியூட்டன். 125 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் விசைக்கும் சற்று மேல். உன் கையில் நிற்குமா?

முகிலன்: வகுப்பு தொடங்கிவிட்டது.

ராணி சித்தி: அண்ணா, நான் மூட்டையைப் பிடிக்கப் போவதில்லை. பேத்தியைப் பிடிக்கப் போகிறேன்.

செல்வம் மாமா: 10 கிலோ அரிசிக்கே முகிலனைக் கூப்பிடுகிறவள் நீ.

தினேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கமலா அத்தை: தினேஷ்! நல்ல காரியத்துக்குக் கிளம்பும் நேரத்தில் எழுதுகிற எழுத்தா இது?

பெரிய மாமா: அவன் எழுதியது சரிதான். அழித்திருக்க வேண்டாம். மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அவருடைய எடையும் சேர்ந்து குழந்தைமேல்தான் போய் விழும். பெல்ட் போட்டிருந்தாலும் கை தாங்காது. அன்பு இருக்கிறது, கணக்கு அதைப் பார்ப்பதில்லை.

கமலா அத்தை: நீங்களுமா.

ராணி சித்தி: *பலமுறை பகிரப்பட்டது* சீட் பெல்ட் அணிந்தவர்களே கவனம்!! விபத்தில் வண்டி தீப்பிடித்தால் பெல்ட் பூட்டிக்கொள்ளும், வெளியே வர முடியாது!! உங்கள் உறவுகள் அனைவருக்கும் அனுப்புங்கள்!!

நான்: சித்தி, இதே செய்தியைத் தீபாவளிக்கும் அனுப்பினீர்கள்.

பெரிய மாமா: தீப்பிடிக்கும் விபத்துகள் மிகவும் குறைவு. பிடித்தாலும் சுயநினைவோடு இருப்பவர்தான் பெல்ட்டைக் கழற்றி வெளியே வர முடியும். அந்த நினைவைக் காப்பாற்றித் தருவதே பெல்ட்தான். மூன்று முனை பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். மற்ற நிறுவனங்களும் தாராளமாகப் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. பெல்ட் என்ன செய்கிறது தெரியுமா? நசுங்கும் வண்டியோடு நம்மையும் சேர்த்து மெதுவாக நிறுத்துகிறது. பெல்ட் இல்லாதவன் வண்டி நின்ற பிறகும் பழைய வேகத்திலேயே பறந்துபோய் டேஷ்போர்டில் முட்டிக் கண்ணிமைப்பதற்குள் நிற்கிறான். இருவருக்கும் உந்த மாற்றம் ஒன்றுதான். நிற்கும் நேரம் பத்து மடங்கு கூடினால் விசை பத்தில் ஒரு பங்காகிவிடும். தாத்தா மரத்தில் ஏறி மாம்பழம் பறித்துப் போடும்போது செல்வம் கைலியை விரித்துப் பிடிப்பானே, அதுதான். தரையில் விழுந்த பழம் வெடித்துவிடும், கைலியில் விழுந்தது பிழைத்துவிடும்.

செல்வம் மாமா: கைலியின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியது ராணி. பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

ராணி சித்தி: கட்டெறும்பு!

அம்மா: அந்த மரத்தை வெட்டியது யார் என்று கேட்டால்தான் உண்மையான சண்டை வரும். கேட்கவில்லை. யார் வெங்காயம் பூண்டு சேர்க்காமல் சாப்பிடுகிறீர்கள்?

கமலா அத்தை: நாங்கள் இருவரும்.

முகிலன்: பெரிய மாமா, ஒரு கேள்வி. நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடலாம் அல்லவா?

பெரிய மாமா: 90இல் வா.

முகிலன்: எதற்கு?

பெரிய மாமா: உந்தம் வேகத்தோடு நேராகக் கூடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியோடு கூடும். 90இலிருந்து 110 ஆனால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் அதிகம், ஆற்றலோ ஒன்றரை மடங்கு. பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் அப்படியே ஒன்றரை மடங்கு. நீ லாபம் பார்க்கும் நேரம் 350 கிலோமீட்டருக்கு முக்கால் மணியைக்கூடத் தொடாது. அதையும் தாப்பாவில் நிறுத்தி உன் அம்மா தீர்த்துவிடுவாள்.

ராணி சித்தி: கழிவறைக்குப் போவதும் குற்றமா?

செல்வம் மாமா: கழிவறை அல்ல, பழக்கடை.

தினேஷ்: அப்பா, விளக்கையும் கணக்குப் போடுங்கள்.

பெரிய மாமா: அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். விளக்கு என்ன எடை?

ராணி சித்தி: 12 கிலோ. பின்னால் பைகளுக்கு மேல் படுக்கவைத்தால் போதும், கீறல் விழாது.

பெரிய மாமா: வைக்காதே! 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். 12இல் பாதி, பெருக்கல் 25இன் இருமடி. 3750 ஜூல். அந்த விளக்கைப் பத்தாவது மாடியிலிருந்து கீழே போட்டால் தரைக்கு வரும்போது என்ன வேகமோ, அந்த வேகம். வண்டி சட்டென்று நின்றால் மேலே கிடக்கும் விளக்கு நிற்காது. அதற்கு முன்னால் கடைசி வரிசையில் இருக்கும் தலை யாருடையது?

தினேஷ்: என்னுடையது.

செல்வம் மாமா: தாத்தாவின் ஆசீர்வாதம் நேராக வந்து சேரும்.

கமலா அத்தை: செல்வம்!

பெரிய மாமா: விளக்கைத் தட்டு தட்டாகக் கழற்றி, துணியில் சுற்றி, இருக்கையின் முதுகை ஒட்டித் தரையில் வையுங்கள். உச்சியில் உள்ள அன்னத்தைத் தனியாகச் சுற்றுங்கள்.

ராணி சித்தி: அன்னம் இல்லை.

அம்மா: இல்லை என்றால்?

ராணி சித்தி: பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன்.

செல்வம் மாமா: ஓஹோ.

அம்மா: எப்போது கொடுத்தாய்?

ராணி சித்தி: கிடைத்துவிடும் அக்கா. இரண்டு நாளில் சொல்லியிருக்கிறார்கள்.

நான்: குழந்தை இருக்கை என்னிடம் இருக்கிறது. பின்னோக்கி வைக்கும் வகை, நடு வரிசையில் ஒரு இடம் போகும். முன்னால் வைக்க முடியாது, ஏர்பேக் விரிந்தால் ஆபத்து. அப்படியானால் ஒருவர் குறைய வேண்டும்.

பெரிய மாமா: சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பின்னிருக்கையில் பெல்ட் 2009 முதல், குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல்.

முகிலன்: யார் குறைவது?

முகிலன்: ???

தினேஷ்: நான் இ.டி.எஸ். ரயிலில் போகிறேன். பட்டர்வொர்த்தில் இறங்கிப் ஃபெர்ரி பிடித்துவிடுவேன்.

கமலா அத்தை: தனியாகவா? எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை.

தினேஷ்: படிக்கிற பிள்ளை என்பதால்தான் அம்மா. ரயிலில் படிப்பேன்.

செல்வம் மாமா: ஈப்போ நிலையத்தில் இறங்கட்டும், நான் என் வண்டியில் கூட்டிவருகிறேன்.

கமலா அத்தை: உங்கள் வண்டியில் பின்னால் பெல்ட் வேலை செய்கிறதா?

செல்வம் மாமா: ஒரு பக்கம்.

அம்மாச்சி: (குரல் செய்தி 1:47)

அம்மா: அம்மாச்சி கேட்கிறார்: எதற்கு இத்தனை பேர் படிப்பு பேசுகிறீர்கள், பிள்ளையைப் பத்திரமாகக் கட்டி எடுத்துவரச் சொல்லு என்கிறார். பிறகு கேசரிக்கு நெய் குறைக்கக் கூடாதாம். கடைசி அரை நிமிடம் பக்கத்து வீட்டுப் பூனை.

ராணி சித்தி: சரி அம்மா. கட்டியே கொண்டுவருகிறோம்.

பெரிய மாமா: திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது முகிலா. மெனோரா சுரங்கம் தாண்டி ஈப்போவை நோக்கி நீண்ட இறக்கம். மேலே ஏறும்போது வண்டி சேர்த்த நிலை ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அத்தனையும் பிரேக்கில் சூடாகிவிடும். சூடேறிய பிரேக் பிடிக்காது. கியரைக் குறைத்து என்ஜினை இழுக்க விடு. முன்னால் லாரி இருந்தால் விலகியே வா. அந்த இறக்கத்தின் அடியில் முன்பு ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது, பிரேக் போன வண்டிகள் அதில் வந்து மோதியிருக்கின்றன. இப்போது அங்கே சாவடி கிடையாது.

முகிலன்: சரி மாமா. 90.

முகிலன்: ஏறக்குறைய 90.

அம்மா: அப்படியானால் சனி இரவு எத்தனை தலையணை?

நான்: எட்டு. தினேஷ் வந்தால்.

கமலா அத்தை: தினேஷ் ரயிலில் போவதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தினேஷ்: சனிக்கிழமை காலை ரயிலில் இடம் இல்லை என்று காட்டுகிறது. மாலை ரயில் இருக்கிறது.

செல்வம் மாமா: மாப்பிள்ளை ரயிலில் போகட்டுமே? அவர்தான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

நான்: அவர் இரவு வேலை முடிந்து தூங்குகிறார். எழுந்ததும் கேட்கிறேன்.

அம்மா: அந்த அன்னத்தை யாரிடம் கொடுத்தாய் ராணி? கடையின் எண்ணை அனுப்பு.

ராணி சித்தி: அனுப்புகிறேன் அக்கா. மாவு அரைத்துக்கொண்டிருக்கிறேன்.