புதுப்பிப்பு: ஃபாரோ இலக்கியத்தை எங்கிருந்து தொடங்குவது?

வட அட்லாண்டிக்கில் டென்மார்க்கின் கீழ் உள்ள ஃபாரோ தீவுகளின் நவீன இலக்கியத்தை டேனிஷ் மொழியில் எழுதிய வில்லியம் ஹைனசனிடமிருந்து தொடங்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"முதலில் ஃபாரோ மொழியிலேயே எழுதியவரைப் படி" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஹெதின் ப்ரூவின் 1940 நாவலை ஆங்கிலத்தில் முடித்துவிட்டேன். திமிங்கில இறைச்சி ஏலத்தில் கேட்டில் என்ற கிழவர் ஏதோ வேகத்தில் அளவுக்கு மீறி வாங்கிவிடுகிறார். அப்புறம் முழுக்கதையும் அந்தக் கடன்தான். கடைசியில் மாட்டையே விற்கிறார். ஹைனசனை இப்போதுதான் எடுத்திருக்கிறேன்.

எதிர்பாராதது எழுத்து. ஹாமர்ஸ்ஹைம்ப் என்ற மொழியறிஞர் 1846இல் ஃபாரோ மொழியின் எழுத்துமுறையை உச்சரிப்பை வைத்து அமைக்கவில்லை, சொல்லின் பழைய வேரை வைத்து அமைத்தார். அதனால் நான் "ஹெதின்" என்று படித்த பெயரை அங்கே "ஹேயின்" என்கிறார்கள். ஒலிப்பதிவில் தேடுபவர்கள் கவனிக்கவும்.