மறு: கோணத்தை வைத்துப் பக்கங்களை ஒப்பிடுதல் – 'எதிர்ப்பக்க வரிசை' சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு முக்கோணத்தில் பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் இருக்கும் என்ற விதிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். என் பரிந்துரை 'எதிர்ப்பக்க வரிசை'. 'கோணவழிப் பக்க ஒப்பீடு' என்பதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அது பெயர் மாதிரி இல்லை, விளக்கம் மாதிரி இருக்கிறது. 'பெருங்கோண விதி' சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைத்தான் சொல்லவில்லை. பிள்ளைகள் சறுக்குவதே அங்கேதான்.

சென்னை தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் கணக்கு சொல்லித்தருகிறேன். 80, 60, 40 பாகைக் கோணங்களுடன் ஒரு முக்கோணம் வரைந்து, எந்தப் பக்கம் நீளம் என்று கேட்டால் முதலில் வரும் பதில்: "பெரிய கோணத்துக்குப் பக்கத்துல இருக்கிற பக்கம் சார்." நம் மொழியில் பக்கம் என்றால் முக்கோணத்தின் பக்கமும்தான், அருகும்தான். சொல்லே பிள்ளையைத் தப்பான கோட்டுக்குக் கூட்டிப்போய் விடுகிறது. அந்தக் கோணத்தை ஒட்டி இரண்டு பக்கம் இருக்கிறதே, எதைச் சொல்கிறாய் என்று கேட்ட பிறகுதான் யோசிக்கிறார்கள். "அப்போ எதுத்தாப்ல இருக்கிறதா சார்?" அதேதான். ஆகவே பெயரில் 'எதிர்' கட்டாயம் வேண்டும். முக்கோணவியல் பாடத்தில் எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் மூன்றும் வருகின்றன; புதுச்சொல் பழக்கும் வேலையும் நமக்கு இல்லை.

நான் கொடுக்கும் கணக்கு இது. காசிமேட்டுக் கரையில் ஒருவர், திருவொற்றியூர்க் கரையில் ஒருவர், கடலில் நங்கூரம் போட்ட ஒரு விசைப்படகு. இரண்டு பேரையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து படகைப் பார்த்தால் காசிமேட்டில் 80 பாகை, திருவொற்றியூரில் 60 பாகை. படகு யாருக்குக் கிட்டே? தண்ணீர்மேல் டேப் பிடிக்க முடியாது, பிடிக்கத் தேவையும் இல்லை. காசிமேட்டுக் கோணத்துக்கு எதிரே இருப்பது திருவொற்றியூருக்கும் படகுக்கும் உள்ள தூரம். அதுதான் மூன்றிலும் நீளம். அப்படியானால் படகு காசிமேட்டுக்குத்தான் கிட்டே. படகில் மிச்சம் இருப்பது 40 பாகை. அதற்கு எதிரே இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள தூரம்; அதுதான் குறைவு. ஒரு மீட்டர்கூட அளக்காமல் மூன்று தூரங்களும் வரிசையாகிவிட்டன.

வரிசை மட்டும்தான், எவ்வளவு நீளம் என்பது இல்லை. 'விகிதம்' என்ற சொல்லைச் சேர்க்கலாம் என்று எழுதிய நண்பரிடம் இதில்தான் எனக்கு வழக்கு. 30, 60, 90 பாகை முக்கோணத்தில் கோணங்கள் 1:2:3, எதிர்ப்பக்கங்களோ 1:√3:2. கோணம் மும்மடங்கு ஆனால் பக்கம் இருமடங்குதான். விகிதம் வேண்டுமென்றால், பக்கங்கள் எதிர்க்கோணங்களின் சைன் மதிப்புகளின் விகிதத்தில் இருக்கும் என்ற சைன் விதிக்குப் போக வேண்டும், அது வேறு பாடம். பெயரில் விகிதம் வந்தால், கோணம் இரண்டு மடங்கு என்றால் பக்கமும் இரண்டு மடங்கு என்று எழுதிவைப்பார்கள்.

சுருக்கமாக 'எதிர்வரிசை' என்று ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கம் பிடித்திருக்கிறது, பொருள் உதைக்கிறது. தலைகீழ் வரிசை என்று படித்துவிட்டால் பெரிய கோணத்துக்குச் சின்னப் பக்கம் என்று ஆகிவிடும். நாலு எழுத்தை மிச்சம் பிடிக்கப்போய்க் கணக்கையே கவிழ்க்க வேண்டுமா?

'சமனின்மை' வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரியது என்ற விதிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் அது 20ஆவது கூற்று. நம்முடையவை அதற்கு முந்தைய இரண்டும்: 18 பக்கத்திலிருந்து கோணத்துக்குப் போகிறது, 19 கோணத்திலிருந்து பக்கத்துக்கு வருகிறது. 20ஐ நிறுவுவதற்கே 19 வேண்டும்.

18, 19 இரண்டும் ஒன்றுக்கொன்று மறுதலை என்பதால் தனித்தனிப் பெயர் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. எனக்கு ஒன்றே போதும் என்று படுகிறது. 'எதிர்ப்பக்க வரிசை' எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பொருந்தும்.

இலங்கை நண்பர்களுக்கும் தொல்லை இல்லை. அங்கே முக்கோணத்தை முக்கோணி என்றும் கர்ணத்தைச் செம்பக்கம் என்றும் சொல்வார்கள். நம் பெயரில் அந்தச் சொற்கள் எதுவும் வரவில்லை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் வரையறையிலேயே போட்டுவிட வேண்டும்: இது ஒரே முக்கோணத்துக்குள் மட்டும். ஒரு முக்கோணத்தின் 80 பாகையையும் இன்னொன்றின் 60 பாகையையும் வைத்துப் பக்கங்களை ஒப்பிட முடியாது. ஒன்றின் இரண்டு பக்கங்கள் இன்னொன்றின் இரண்டு பக்கங்களுக்குச் சமமாக இருந்தால், அவற்றின் இடைக்கோணம் பெரியதாக உள்ள முக்கோணத்தில் மூன்றாவது பக்கமும் பெரிது என்று சொல்ல யூக்ளிடின் 24ஆவது கூற்று இருக்கிறது. அதற்குக் 'கீல் தேற்றம்' என்று தனி இழை தொடங்கலாம்.

வரையறை இப்படி:

எதிர்ப்பக்க வரிசை – ஒரு முக்கோணத்தின் கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால், அவற்றின் எதிர்ப்பக்கங்களும் அதே வரிசையில் அமைதல். கோணங்கள் சமமானால் எதிர்ப்பக்கங்களும் சமம்.

'அமைதல்' என்பதைவிட நல்ல முடிவு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.