புதுப்பிப்பு: டைமிங் பெல்ட்டை நானே மாற்றிவிட்டேன்

என் பழைய சான்ட்ரோ காரின் டைமிங் பெல்ட்டை (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒத்துச் சுற்ற வைக்கும் பல் வைத்த பட்டை) வீட்டிலேயே மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டேன், வண்டி ஓடுகிறது.

பெல்ட்டைவிடக் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் புல்லியின் (பட்டைச் சக்கரம்) போல்ட்தான் உயிரை வாங்கியது. ஐந்தாம் கியரில் போட்டு, தம்பி பிரேக்கை மிதிக்க, ஸ்பானரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி இழுத்த பிறகே அசைந்தது.

முதல் முறை மாட்டியபோது கேம் சக்கரத்தின் குறி, பொருந்த வேண்டிய இடத்திலிருந்து ஒரு பல் தள்ளி நின்றது. நல்லவேளை, சாவியைத் தொடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். (கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒன்று சுற்றும்.) இன்னும் சில பற்கள் தவறியிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதியிருக்கலாம். கழற்றி மறுபடி மாட்டினேன். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் புதிது.

பெல்ட் மூடியின் ஒரு போல்ட் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, எங்கே உருண்டதோ.