மேனிக்யூர் கிட்டுக்கு எந்த ஜெல் பாலிஷ் பிராண்ட் வாங்கலாம்? பேஸ் பெயர்கிறது, கறுப்பு சுருங்குகிறது

பத்துவிரல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மேனிக்யூர் பயிற்சி முடித்து, கிளையன்ட் வீட்டுக்கே போய்ச் செய்துகொடுக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். பயிற்சியின்போது கிடைத்த கிட்டில் உள்ள ஜெல் பாலிஷ்கள் பெயர் தெரியாத கம்பெனியுடையவை. பாட்டிலில் நிறத்தின் எண் மட்டும்தான் இருக்கிறது, வேறு ஒரு விவரமும் இல்லை. இப்போது மூன்று பிரச்சினைகள்.

முதலாவது, சிலருக்கு இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருக்கிறது, சிலருக்கு ஒரு வாரத்திலேயே நுனியில் பெயர்ந்து, கியூட்டிகிள் (நகம் தொடங்கும் இடத்துத் தோல்) பக்கமும் தூக்கிக்கொள்கிறது. இரண்டாவது, கறுப்பும் அடர் நீலமும் லேம்புக்குள் போய் வந்தால் மேலே சுருக்கம் விழுகிறது. மூன்றாவது, ஒரு கிளையன்ட் பேஸ் கோட்டை (அடிப்பூச்சை) க்யூர் செய்யும்போதெல்லாம், அதாவது லேம்பில் வைத்து இறுகவிடும்போதெல்லாம், “சுடுகிறது” என்று கையை இழுத்துவிடுகிறார்.

லேம்ப் தனியாக வாங்கியது, 48 வாட் எல்இடி. பழையதை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு நல்ல பிராண்டுக்கு மாற நினைக்கிறேன். ஓபிஐ ஜெல்கலர், ஜெலிஷ், சிஎன்டி ஷெலாக், தி ஜெல்பாட்டில் இந்த நாலும் மனதில் ஓடுகின்றன. எல்லாம் ஒரே பிராண்டில் எடுக்கவா, கலந்து வைத்துக்கொள்ளலாமா? “ஹீமா ஃப்ரீ” (ஹீமா என்ற ரசாயனம் சேர்க்காதது) என்று போட்டிருப்பதுதான் வாங்க வேண்டுமா? பையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மினுக்கு பதில்:

ஜெலிஷ். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பாட்டில் 15 மில்லி, நீண்ட நாள் வரும், நிறங்களும் ஏராளம்.

அரம் பதில்:

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் அதே சுருக்கம் 15 மில்லி பாட்டிலிலும் விழும். தோழி, பிராண்டுக்கு முன்னால் லேம்பைப் பேசிவிடுவோம்.

ஜெல் பாலிஷ் காய்வதில்லை, வினைபுரிந்து இறுகுகிறது. அதில் இருக்கும் ஃபோட்டோ இனிஷியேட்டர் என்ற பொருள் குறிப்பிட்ட அலைநீள ஒளி பட்டால்தான் வேலையைத் தொடங்கும். இன்றைய எல்இடி லேம்புகள் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் பக்கத்தில் ஒளி தருகின்றன. எந்த அலைநீளத்தில் எவ்வளவு வலு நகத்தின் மேல் விழுகிறது என்பதுதான் முக்கியம். பெட்டியில் எழுதியிருக்கும் 48 வாட் அதைச் சொல்லாது. அது பெரும்பாலும் லேம்ப் இழுக்கும் மின்சாரத்தின் கணக்கு, சில சமயம் அதுவும் இல்லை, வெறும் விளம்பர எண். இரண்டு லேம்பிலும் 48 என்று போட்டிருக்கும், ஒன்றில் இறுகுவது மற்றொன்றில் பாதியிலேயே நிற்கும்.

கறுப்பு சுருங்குவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அடர் நிறமி ஒளியைத் தடுத்துவிடுகிறது, அடர்ந்த தோப்புக்குள் வெயில் இறங்காத மாதிரி. மேல்பகுதி இறுகிச் சுருங்கும், அடியில் ஈரமாகவே இருக்கும், அதனால் தோல் மாதிரி மடிப்பு விழுகிறது. நல்ல வெள்ளையும் சில நியான் நிறங்களும்கூட இப்படிச் செய்யும். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒளி ஊடுருவாத பழைய பிளாஸ்டிக் ஃபார்ம் (நகத்தை நீட்ட வைக்கும் அச்சு) ஒன்றில் கறுப்பை வழக்கமான கனத்தில் பூசி, வழக்கமான நேரம் க்யூர் செய்து, மெல்லப் பெயர்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஈரமோ பசையோ இருந்தால் கிளையன்ட் நகத்திலும் அதுதான் நடக்கிறது. பிறகு அதில் பாதிக் கனத்தில் பூசிச் சோதியுங்கள். மெல்லிய பூச்சு இறுகினால் பூசும் விதத்தை மாற்றினால் போதும், அதுவும் இறுகாவிட்டால் அந்த ஜெல்லுக்கு அந்த லேம்ப் பொருந்தவில்லை.

அதனால்தான் நான் பிராண்ட் என்று பார்ப்பதே இல்லை, பேஸ், டாப் (மேல்பூச்சு), லேம்ப் மூன்றையும் ஒரே தொகுதியாகப் பார்க்கிறேன். ஜெலிஷை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய ஃபவுண்டேஷன் பேஸுக்கு 5 விநாடி, நிறத்துக்கு 30, டாப் கோட்டுக்கு 30 என்று சொல்கிறார்கள். அந்த 5 விநாடி அவர்களுடைய எல்இடி லேம்பை வைத்துச் சொன்னது. உங்கள் லேம்பில் அது எவ்வளவு என்று அவர்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சிஎன்டியும் ஓபிஐயும் இதே மாதிரிதான், தங்கள் லேம்போடு சேர்த்தே சோதித்து நேரம் குறிக்கிறார்கள். எந்தத் தொகுதியை எடுத்தாலும் அதன் லேம்பையும் சேர்த்து எடுங்கள். காசு முதலில் அங்கே போகட்டும், நிறங்கள் மெல்லச் சேரும்.

ஒன்று கேட்கிறேன்: நகத்தை எப்படித் தயார் செய்கிறீர்கள்? பெருவிரலை மற்ற நாலோடு சேர்த்தே லேம்பில் வைக்கிறீர்களா?

பத்துவிரல் எழுதியது:

நன்றி அக்கா. சோதனை செய்து பார்த்தேன். அடியில் பசைதான்! மெல்லியதாகப் பூசினால் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் விரலில் லேசாக ஒட்டுகிறது.

தயாரிப்பு: வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, கியூட்டிகிளைத் தள்ளி, துடைத்து, லேசாக பஃப் செய்து (மேல்பரப்பைத் தேய்த்து), ஆல்கஹாலால் ஒரு துடைப்பு, அப்புறம் பேஸ். ஐந்து விரலையும் ஒன்றாகத்தான் வைக்கிறேன்.

ஈரமருதாணி பதில்:

தண்ணீரில் ஊறவைப்பதை இன்றைக்கே விடுங்கள். சாதாரண நெயில் பாலிஷுக்கு அது சரி. நகத்தட்டு தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரியும், மேலே ஜெல் இறுகிய பிறகு அந்தத் தண்ணீர் வெளியேறி நகம் பழைய வடிவத்துக்குத் திரும்பும். ஜெல்லால் கூடவே திரும்ப முடியாது, பிடிப்பு விட்டுப்போகும். கியூட்டிகிளுக்கு ரிமூவர் வைத்து உலர்ந்த முறையிலேயே செய்யுங்கள். முடிந்ததும் ரிமூவரின் சுவடே இல்லாமல் துடைத்துவிட வேண்டும்.

கியூட்டிகிள் பக்கம் தூக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் நகத்தட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத செத்த தோல். தள்ளினால் மட்டும் போகாது, சுரண்டி எடுக்க வேண்டும். நகத்தை அல்ல, அந்தத் தோலை. நுனியில் பெயர்வதற்கு, பேஸ், நிறம், டாப் மூன்றிலும் பிரஷை நுனி விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்து மூடுங்கள். பெருவிரல்களைத் தனியாக லேம்பில் வையுங்கள். சேர்த்து வைத்தால் அவை சாய்ந்து நிற்கும், ஒளி ஒரு பக்கம் விழாது.

சிலருக்கு மட்டும் பெயர்கிறது என்கிறீர்களே, அவர்களுடைய நகத்தை வளைத்துப் பாருங்கள். மெல்லியதாக வளைந்துகொடுத்தால் கடினமான பேஸ் அவர்களுக்கு ஒத்துவராது. வளையும் தன்மையுள்ள ரப்பர் பேஸ் ஒரு பாட்டில் கிட்டில் இருக்கட்டும். தி ஜெல்பாட்டிலின் பியாப் போன்ற பில்டர் ஜெல்லும் (நகத்தைக் கெட்டியாக்கும் தடித்த ஜெல்) மெல்லிய நகத்துக்குத் தாங்கு கொடுக்கும். ஆனால் அவர்கள் பயிற்சிச் சான்றிதழ் காட்டுபவர்களுக்குத்தான் விற்பார்கள். உங்களிடம்தான் இருக்கிறதே, பிறகென்ன.

சுடுகிறது என்ற அம்மாவுக்கு: ஜெல் இறுகும்போதே வெப்பம் வெளிவரும். பேஸைத் தடிமனாக வைத்தாலோ, நகம் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்திருந்தாலோ அது உறைக்கும். பூச்சை மெல்லியதாக்குங்கள். குறைந்த வெப்ப முறை உள்ள லேம்பில் ஒளி மெதுவாக ஏறும், அதைப் பயன்படுத்தலாம். கையை வெளியே எடுத்தால் திரும்ப வைத்து முழு நேரத்தையும் முடிக்க வேண்டும். “போதும், எடுத்துவிடுகிறேன்” என்றால் விடாதீர்கள். பஃபரை யார் நகத்திலும் அழுத்தித் தேய்க்காதீர்கள், பளபளப்பு போனால் போதும்.

தும்பி பதில்:

பசை இருக்கிறது என்று எழுதியதைப் பார்த்ததும்தான் இதை எழுதுகிறேன். அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. முழுக்க இறுகாத ஜெல்லில் வினைபுரியாத அக்ரிலேட்டுகள் (ஜெல்லின் மூலப்பொருள்கள்) மிச்சம் இருக்கும், தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி வரும். கிளையன்ட்டைவிட நமக்குத்தான் ஆபத்து அதிகம், நாள் முழுக்க நாம்தானே தொடுகிறோம். விரல் நுனியில் வெடிப்பு, அரிப்பு, சிலருக்கு கண் இமையிலும் கழுத்திலும் தடிப்பு. ஒருமுறை உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொண்டால் பொதுவாக ஆயுள் முழுக்கப் போகாது. பல் மருத்துவத்திலும் எலும்பு அறுவைசிகிச்சையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் பயன்படுவதால் அங்கேயும் சிக்கலாகலாம்.

ஹீமா என்பது 2-ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட். அலர்ஜி தருவதில் பேர்போனது. ஐரோப்பிய ஒன்றியம் அதையும் டை-ஹீமா என்ற அதன் உறவுப் பொருளையும் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வரையறுத்து, அலர்ஜி எச்சரிக்கையோடுதான் விற்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. ஆனால் “ஹீமா ஃப்ரீ” என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். அதை எடுத்துவிட்டு ஹைட்ராக்சிப்ரொப்பில் மெத்தாக்ரிலேட்டைப் போட்டிருப்பார்கள், அதுவும் அலர்ஜி தரும். லேபிளில் இல்லாதது எது என்பதைவிட இருப்பது எது என்று படிக்கும் பழக்கம் வேண்டும். மூலப்பொருள் பட்டியலும் பாதுகாப்புத் தரவுத் தாளும் கேட்டால் கொடுக்காத பிராண்ட் எனக்கு வேண்டாம். நிற எண் மட்டும் உள்ள பாட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே கிட்டில் இருக்கக்கூடாது.

இன்னொன்று டிபிஓ என்ற ஃபோட்டோ இனிஷியேட்டர். 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருள்களில் அதற்குத் தடை. பல கம்பெனிகள் ஃபார்முலாவை மாற்றிவிட்டன. அதனால் ஒரே பெயர், ஒரே நிறம், பழைய ஃபார்முலாவும் புதியதுமாக விற்பனையில் கலந்து கிடக்கலாம். வாங்கும்போது பட்டியலைப் பாருங்கள், புதிய ஃபார்முலாவுக்கு க்யூர் நேரம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நைட்ரில் கையுறை போடுங்கள், ஜெல் பட்டால் உடனே மாற்றுங்கள். மெல்லிய கையுறையை அக்ரிலேட் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும். தோலில் வழிந்த ஜெல்லை லேம்பில் வைப்பதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும், வைத்த பிறகு இல்லை.

மினுக்கு பதில்:

சரி சரி, நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன், ஜெலிஷ் லேம்போடு ஜெலிஷ் வாங்குங்கள். ஆனால் ஒரே பிராண்டில்தான் எல்லாம் என்பதை நான் ஏற்கவில்லை. நிறம் மட்டும் வெளியிலிருந்து எடுத்து, கீழும் மேலும் சொந்த பேஸ், டாப் வைத்து நிறைய பேர் வேலை செய்கிறார்கள். எல்லா அழகான நியூடும் (சருமத்தை ஒட்டிய நிறம்) ஒரே கம்பெனியிடம் இருக்குமா என்ன?

அரம் பதில்:

செய்கிறார்கள், உண்மை. எந்தக் கம்பெனியும் அதற்குப் பொறுப்பேற்காது என்பதும் உண்மை. வெளி நிறம் ஒவ்வொன்றையும் அந்த ஃபார்ம் சோதனையில் தேறவைத்துவிட்டுச் சேருங்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு என் வாக்கு ஒரே தொகுதிக்குத்தான், ஏனென்றால் பெயர்ந்தால் எங்கே தவறு என்று தேடும் இடம் குறையும். கை பழகிய பிறகு கலக்கட்டும்.

நாலில் எது என்றால்: பையில் தூக்குபவருக்கு சிஎன்டி ஷெலாக் வசதி. பாட்டில் 7.3 மில்லிதான், 2010இலிருந்து இருக்கிறது, பூச்சு மெல்லியது, அசிட்டோனில் எளிதாகக் கழன்றுவிடும். நகத்தை பஃப் செய்யத் தேவையில்லை என்பதே அதன் முறை. ஆனால் வளைகிற நகத்துக்கு அது தனியாகத் தாங்கு கொடுக்காது. ஜெலிஷ், ஓபிஐ இரண்டும் 15 மில்லி, அடிக்கடி தீரும் நிறங்களுக்கு நல்லது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடும் நிறத்துக்கு வீண். பாட்டிலில் திறந்த மூடிப் படத்துக்குள் 12 அல்லது 24 என்று மாதக் கணக்கு இருக்கும், திறந்ததிலிருந்து அதற்குள் முடிப்பீர்களா என்று யோசியுங்கள். ஜெல்பாட்டில் நிறங்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை, ஆனால் பில்டர் வேலை நிறைய வரும்போதுதான் அதன் முழுப் பலன். லக்ஸியோ மாதிரி முழு ஜெல்களும் (நெயில் பாலிஷ் கலக்காதவை), டப்பாவில் வரும் ப்ரெஸ்டோ மாதிரி ஜப்பானிய ஜெல்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இப்போது போக வேண்டாம்.

நிறங்கள் ஒரு டஜன் போதும். வெவ்வேறு சருமத்துக்குப் பொருந்தும் நாலைந்து நியூடு, இரண்டு சிவப்பு, ஒரு ஒயின், வெள்ளை, கறுப்பு, ஒரு மினுமினுப்பு, மீதி உங்கள் கிளையன்ட்கள் கேட்பது. பிராண்ட் அங்கீகரித்த விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பெயர்பெற்ற பிராண்டுகளுக்குப் போலிகள் உண்டு, பாட்டிலின் அடியில் பேட்ச் எண் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பத்துவிரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லேம்போடு ஷெலாக் தொகுதி, எட்டு நிறம். அந்த மெல்லிய நகக்காரர்களுக்கு பில்டர் ஜெல் அடுத்த கட்டமாகப் பார்க்கிறேன், அதற்கு உரிய லேம்ப் எது என்று அந்தக் கம்பெனியிடமே கேட்டுவிட்டு. தண்ணீர்க் கிண்ணத்தை இனி பெடிக்யூருக்கு மட்டும்தான் எடுப்பேன். கடைசியாக ஒன்று: பழைய பாட்டில்களை என்ன செய்வது? பயிற்சி செய்யும் தங்கைக்குக் கொடுக்கலாமா?

தும்பி பதில்:

யாருக்கும் கொடுக்காதீர்கள் மா, பயிற்சி செய்பவர் கையிலும் அதே பசைதான் படும். சிங்க்கில் ஊற்றவும் கூடாது. கையுறை போட்டு, ஃபாயிலில் மெல்லியதாகப் பரப்பி, வெயிலிலோ லேம்பிலோ முழுக்க இறுகவிட்டு எறியுங்கள். மொத்தமாகக் கொட்டி இறுகவிட்டால் புகையும் அளவுக்குச் சூடாகலாம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. காலிப் பாட்டில்களுக்கு உங்கள் ஊர் அபாயக் கழிவு விதி எதுவோ அதன்படி.