என்எஃப்எஸ், ஏஎஃப்எஸ், சம்பா: பயனரை யார் அடையாளம் காட்டுவது?

கேள்வி: புதுநிர்வாகி
எங்கள் ஆய்வுக்குழுவில் லினக்ஸ் கணினிகளே அதிகம். விண்டோஸும் மேக்கும் சில உண்டு. எல்லோருடைய ஹோம் அடைவும் (சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம்) ஒரே சர்வரில், கோப்புகளை வலையமைப்பில் பகிரும் என்எஃப்எஸ் பதிப்பு 3 வழியாக ஓடுகிறது. சொந்த மடிக்கணினியில் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள பயனராக) இருக்கும் ஒரு மாணவர், அதில் இன்னொருவரின் பயனர் எண்ணோடு கணக்கு ஒன்றை உருவாக்கி, அவருடைய கோப்புகளைத் திறந்து காட்டினார். ரூட்டின் அதிகாரத்தைப் பறிக்கும் ரூட்_ஸ்குவாஷ் அமைப்பைப் போட்டிருந்தும் இது எப்படி நடந்தது? ஏஎஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு முறைக்கு மாறிவிடலாமா?

பதில்: பழையகம்பி
ரூட்_ஸ்குவாஷ் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. நான் எண் 0 (ரூட்) என்று சொல்லிக்கொண்டு வருபவரை மட்டும்தான் அது மடக்கும். உங்கள் மாணவர் நான் 1042 என்று சொல்லிக்கொண்டு வந்தார். என்எஃப்எஸ்ஸின் வழக்கமான ஆத்_சிஸ் முறையில் கிளையன்ட் (பயனரின் கணினி) அனுப்புவதெல்லாம் பயனர் எண்ணும் குழு எண்களும்தான். சர்வர் அதை அப்படியே நம்பிவிடும். குழு எண்களிலும் 16க்கு மேல் போகாது. 1984இல் சன் நிறுவனம் இதை உருவாக்கியபோது எல்லாக் கணினிகளும் ஒரே நிர்வாகியின் கையில் இருந்தன. இன்று எவர் வேண்டுமானாலும் தன் மடிக்கணினியில் ரூட்.

ஏஎஃப்எஸ்ஸில் இந்தத் தொல்லை இல்லை. கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறை தரும் டிக்கெட்டைக் காட்டி டோக்கன் (ஏஎஃப்எஸ்ஸுக்கான அனுமதிச்சீட்டு) வாங்க வேண்டும். ஆனால் பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அனுமதிகள் அடைவுக்குத்தான், கோப்புக்குத் தனியாகக் கிடையாது. ஒரு கோப்புக்கு மட்டும் சிஎச்மாட் 600 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) போட்டுவிட்டு யாரும் படிக்க முடியாது என்று நிம்மதியாக இருப்பவர் ஏமாந்துபோவார்: அடைவில் படிக்கும் உரிமை உள்ள எவரும் அதைப் படிப்பார். எழுதியது சர்வருக்குப் போவதும் பெரும்பாலும் கோப்பை மூடும்போதுதான். ஏஎஃப்எஸ்ஸின் திறமூல வடிவமான ஓப்பன்ஏஎஃப்எஸ்ஸின் கெர்னல் மாட்யூல் லினக்ஸோடு வருவதில்லை. ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலின்போதும் அது பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிறிய குழுவுக்கு இந்தப் பாடு தேவையில்லை என்பேன்.

நீங்கள் என்எஃப்எஸ் பதிப்பு 4க்குப் போய் கெர்பரோஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று நிலைகளில் கேஆர்பி5 (krb5) ஆளை மட்டும் உறுதிசெய்யும். கேஆர்பி5ஐ (krb5i) தரவு வழியில் திருத்தப்படவில்லை என்பதையும் பார்க்கும். கேஆர்பி5பி (krb5p) எல்லாவற்றையும் மறையாக்கம் செய்யும், அதற்கேற்ப வேகம் குறையும். ஆத்_சிஸ்ஸை அந்த ஏற்றுமதியிலிருந்து (பகிர்வு அமைப்பிலிருந்து) அடியோடு எடுத்துவிடுங்கள். இரண்டையும் விட்டுவைத்தால் மாணவர் பழைய கதவாலேயே வருவார்.

பதில்: இருதிசை
விண்டோஸுக்கும் மேக்குக்கும் சம்பாவே எளிது; விண்டோஸின் எஸ்எம்பி பகிர்வு முறையை லினக்ஸ் சர்வரில் தருவது அது. எஸ்எம்பி ஆளைப் பார்த்து உள்ளே விடும். 3ஆம் பதிப்பிலிருந்து மறையாக்கமும் உண்டு. 1ஆம் பதிப்பை அணைத்துவிடுங்கள். சம்பா பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது. ஒரே அடைவில் 'மேக்ஃபைல்' இரண்டு விதமாக எழுதப்பட்டு இருந்தால் விண்டோஸ்காரருக்கு ஒன்றுதான் கிடைக்கும். ஒரே கோப்பை என்எஃப்எஸ், சம்பா என இரு வழியிலும் ஒரே நேரத்தில் எழுத விடாதீர்கள். பூட்டுகள் ஒத்துப்போவதை நம்ப முடியாது.

புதுநிர்வாகி
சோதனைக் கணினியில் கேஆர்பி5 வேலை செய்கிறது. ஆனால் இரவு முழுவதும் ஓடும் கணக்கீடு பாதியில் அனுமதி மறுக்கப்பட்டு நின்றுவிடுகிறது.

பழையகம்பி
டிக்கெட் காலாவதியாகியிருக்கும், பல இடங்களில் அதன் ஆயுள் 10 மணி நேரம்தான். அந்த வேலைக்குத் தனிக் கணக்கும் கீடேபும் (கடவுச்சொல்லுக்குப் பதிலான சாவிக் கோப்பு) கொடுத்து, கே5ஸ்டார்ட் என்ற நிரல் வழியாக ஓட்டுங்கள். அதுவே டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். கீடேபை மட்டும் அந்த ஹோம் அடைவுக்குள் வைக்காதீர்கள்; டிக்கெட் இல்லாமல் அதைத் திறக்க முடியாது. கணினிகளின் கடிகாரத்தையும் பாருங்கள், 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் பேசவே பேசாது.