மழைக்காலத்தில் லீக் ஆட்டங்கள்: பருவத்தை மாற்றக் கோரலாமா?

மன்னார்குடியிலிருந்து கேள்வி: எங்கள் அணி ஆடும் கால்பந்து லீக் அக்டோபரில் தொடங்குவதால், வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நவம்பரில் பாதி ஆட்டங்கள் தள்ளிப்போய், தை மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று ஆட்டங்கள் ஆட நேர்கிறது. பருவத்தை மாற்றும்படி கேட்கலாமா?

கும்பகோணம்: தாராளமாகக் கேளுங்கள். தை மாதம் சம்பா அறுவடைக் காலமும்கூட. சென்ற முறை எங்கள் இடது பின்கள ஆட்டக்காரர், அறுவடை இயந்திரத்துக்குக் காத்திருந்துவிட்டு, சட்டையெல்லாம் வைக்கோல் தூசியுடன் இடைவேளையில்தான் வந்து சேர்ந்தார்.

மயிலாடுதுறை: நம் களிமண் தண்ணீரை எளிதில் இறங்கவிடாது, மழை விட்டு மூன்று நாளானாலும் கோல் கம்பத்தின் முன்னால் பூட்ஸ் புதைகிறது. பிப்ரவரி இறுதியில் தொடங்கி மாலையில் ஆடுவதே நல்லது. வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். உடலைக் குளிர்விக்க 90 விநாடி முதல் 3 நிமிடம் வரை ஆட்டத்தை நிறுத்த ஆட்ட விதி 7 இடமளிக்கிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி. எங்கள் அணியில் ஐந்து பேர் கல்லூரி மாணவர்கள் என்பதால், ஏப்ரல் தேர்வுக்கு முன் முடியும்படி அட்டவணையைக் கேட்டு எழுதுகிறோம்.