கிரேக்கப் பெயர்ச்சொற்களின் பாலை அறிவது எப்படி?

கேள்வி: இரண்டு மாதங்களாக இன்றைய கிரேக்க மொழியைத் தனியே படித்து வருகிறேன். எழுத்துகள் பழகிவிட்டன; பெயர்ச்சொற்களின் பால்தான் பிடிபடவில்லை. நாற்காலி (கரேக்லா) பெண்பால், சாலை (த்ரோமோஸ்) ஆண்பால், மேசை (த்ரபேஸி) அஃறிணை என்கிறார்கள். சிறுமியைக் குறிக்கும் கொரீத்ஸிகூட அஃறிணையாம். பொருளைப் பார்த்தே பால் சொல்லிப் பழகிய நாம் இதை எப்படி மனத்தில் நிறுத்துவது?

மறுமொழி 1: கிரேக்கத்தில் பால் பெரும்பாலும் சொல்லின் ஈற்றைப் பொறுத்தது. ஓஸ், ஆஸ், ஈஸ் என முடிபவை பொதுவாக ஆண்பால். ஆல்பா (α), ஈட்டா (η) என்ற எழுத்துகளில் முடிபவை பொதுவாகப் பெண்பால். ஓ (ο), யோட்டா (ι) ஆகியவற்றில் முடிபவை பொதுவாக அஃறிணை. ஈட்டாவும் யோட்டாவும் இன்று 'இ' என்றே ஒலிப்பதால், காதை மட்டும் நம்பாமல் எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். கொரீத்ஸி, கோரி என்ற பெண்பாற் சொல்லிலிருந்து குறுமைப் பொருளில் பிறந்தது. யோட்டாவில் முடிவதால் அஃறிணையாயிற்று. இது நமக்கு முற்றிலும் புதிதன்று, ஏனெனில் நாமும் 'குழந்தை சிரித்தது' என்றுதானே சொல்கிறோம்!

மறுமொழி 2: மேலே சொன்னது சரி, ஆனால் ஈறு மட்டும் போதாது. தெருவைக் குறிக்கும் ஒதோஸ் என்ற சொல் 'ஓஸ்' என முடிந்தும் பெண்பாலே. ஆகவே எந்தப் பெயரையும் அதன் சுட்டுச்சொல்லோடு (ஆங்கில 'the' போன்றது) சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்: ஆண்பாலுக்கு ஓ, பெண்பாலுக்கு ஈ, அஃறிணைக்குத் தோ. இந்தச் சிறு சொல் பாலோடு வேற்றுமையையும் காட்டுகிறது என்பதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். 'ஓ பேத்ரோஸ் வ்லேபி தோன் நீக்கோ' என்றால் பேத்ரோஸ் நீக்கோஸைப் பார்க்கிறான். இங்கே 'ஓ' 'தோன்' ஆகியிருப்பதும், நீக்கோஸ் ஈற்று 'ஸ்' இழந்திருப்பதும் நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கின்றன. அதனால் 'தோன் நீக்கோ வ்லேபி ஓ பேத்ரோஸ்' என்று மாற்றினாலும் பொருள் குழம்பாது. 'நீக்கோஸைத்தான்' என்ற அழுத்தமே கூடும். அஃறிணையில் மட்டும் எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் ஒரே வடிவம், 'பழம் விழுந்தது', 'பழம் தின்றான்' என்று நாம் சொல்வதைப் போல.

மறுமொழி 3: விளிவேற்றுமையும் நமக்கு எளிது. முருகனை 'முருகா' என்று அழைப்பதுபோல் பேத்ரோஸைப் 'பேத்ரோ' என்று அழைப்பார்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. பொருளை மட்டும் எழுதி வைத்திருந்த என் சொற்பட்டியலை இன்றே ஓ, ஈ, தோ சேர்த்துத் திருத்தி எழுதுகிறேன்.